மழைக்கு முன் மீன் தீவனத்தில் மூலிகை: எது, எவ்வளவு, எப்படி

கேள்வி இது. வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம் 50 சென்ட் பண்ணைக்குட்டை. கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று கெண்டை இன மீன்களும் கலந்து 1,500 விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்) விட்டு ஆறு மாதம் ஆகிறது. போன வருடம் கார்த்திகை மழை விட்டதும் மீன்களின் உடம்பில் சிவப்புத் திட்டு விழுந்து, அது புண்ணாகி, ஒரு பங்கு செத்து மிதந்தது. இந்த வருடம் ஆன்டிபயாடிக் பக்கமே போகாமல் பூண்டு, மஞ்சள், கீழாநெல்லி, வேப்பிலை என்று தீவனத்தில் கலந்து கொடுத்துத் தப்பிக்க முடியுமா? கலந்தால் எவ்வளவு?

முடியும், புரட்டாசியிலேயே தொடங்கினால். கார்த்திகையில் புண்ணைக் கண்ட பிறகு தொடங்கினால் பூண்டும் மஞ்சளும் குட்டையின் அடிச்சேற்றுக்குத்தான் போகும். நோய் கண்ட மீன் முதலில் விடுவது தீனியை. வாய் வழியாகக் கொடுக்கிற எதுவும் வாய் திறக்காத மீனுக்குச் சேராது. மூலிகை செய்வதெல்லாம் தின்றுகொண்டிருக்கும் மீனின் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் தூக்கி நிறுத்துவதும், குடலையும் ஈரலையும் நல்ல நிலையில் வைப்பதும். அதற்கும் ஓரிரு வாரம் பிடிக்கும். மழைக்கு இரண்டு வாரம் முன்பே கணக்கை ஆரம்பிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

வேலூர்ப் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. புரட்டாசியில் பாதிப் பேர் கவுச்சி தொடுவதில்லை. மீன் விலை படுக்கும். ஐப்பசியில் பிடித்துக்கொள்ளலாம் என்று பெரிய மீன்களை அப்படியே குட்டையில் விட்டு வைப்பார்கள். ஆக, வடகிழக்குப் பருவமழை இறங்கும்போதுதான் குட்டையில் மீன் நெரிசலும் அதிகம், அடிச்சேறும் அதிகம். கார்த்திகையில் மாலை போடும் காலம் வந்தால் விற்பனை மறுபடி மந்தம். விலை கொஞ்சம் குறைந்தாலும் புரட்டாசிக்கு முன்பே மூன்றில் ஒரு பங்கு பெரிய மீனைப் பிடித்து விற்றுவிடுவது எந்த மூலிகையையும் விடப் பலன் தரும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது பெரும்பாலும் தொற்றுப் புண் நோய். அஃபனோமைசிஸ் என்ற நீர்ப்பூஞ்சை தோலில் இறங்கி, பிறகு ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்தப் புண்ணில் குடியேறும். இந்தியாவுக்குள் 1988-ல் வந்த நோய் இது. தண்ணீர் குளிர்ந்து, மழைநீர் சேர்ந்து அதன் காரத்தன்மை குறையும் நேரத்தில் பிடிக்கும். மார்கழி விடியலில் இங்கே குளிர் 20 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. அந்தக் குளிரில் மீனின் எதிர்ப்புச் சக்தி மந்தமாகும், பூஞ்சைக்கோ அது வசதியான காலம். முதலில் விழுவது விரால். ஏரி உபரி நீரிலும் நெல் வயல் வடிகாலிலும் இருக்கும் விராலுக்குப் புண் தெரிந்தால் அடுத்தது உங்கள் குட்டை என்று வைத்துக்கொள்ளலாம். திலேப்பியாவுக்கு இந்த நோய் பெரிதாக ஒட்டாது. ஆகவே மழைக்காலத்தில் ஏரித் தண்ணீரையோ வயல் வடிகாலையோ குட்டைக்குள் விடாமல் வரப்பை அரை அடி உயர்த்தி வைப்பது முதல் மருந்து.

இனி அளவு. மூலிகை அளவு எப்போதும் ஒரு கிலோ தீவனத்துக்கு இத்தனை கிராம் என்றுதான் பேசப்படும். ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். முதலில் குட்டையில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று தெரிய வேண்டும். வீச்சு வலை போட்டு இருபது முப்பது மீனைப் பிடித்து எடை போடுங்கள். சராசரி 250 கிராம், விட்டதில் 80 சதவீதம் உயிரோடு இருக்கிறது என்றால் 1,200 மீன், 300 கிலோ. இந்தப் பருவத்தில் உடல் எடையில் 2 சதவீதம் தீவனம் போதும்: நாளைக்கு 6 கிலோ. கீழே வரும் எல்லாக் கணக்கும் இந்த 6 கிலோவை வைத்து.

பூண்டு: கிலோவுக்கு 10 கிராம், உரித்த பச்சைப் பல். நாளைக்கு 60 கிராம். பூண்டில் நமக்கு வேண்டிய அல்லிசின் முழுப்பல்லில் இல்லை. நசுக்கும்போதுதான் அதில் உள்ள நொதி வேலை செய்து அது உண்டாகிறது. ஆகவே நசுக்கி பத்து பதினைந்து நிமிடம் சும்மா வைக்க வேண்டும். வேகவைத்தால், வறுத்தால் நொதி செத்துவிடும். வெறும் வாசனைதான் மிஞ்சும். ஆறாத கஞ்சியில் பூண்டைக் கொட்டிக் கலக்குகிறவர்கள் நிறைய. அது பூண்டைத் தூக்கி எறிவதற்குச் சமம். அரைத்து நாளைக்கென்று எடுத்து வைப்பதும் வீண்; அல்லிசின் ஆவியாகிப் போகிற சரக்கு. கடையில் கிடைக்கும் பூண்டுத் தூளை நம்ப வேண்டாம். பூண்டுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு: கெண்டை இன மீன்களுக்கு அதன் வாசனை பிடிக்கிறது, கசப்பான வேறு பொடிகளையும் அதோடு சேர்த்து விழுங்கிவிடும்.

மஞ்சள்: கிலோவுக்கு 5 கிராம். நாளைக்கு 30 கிராம். பாக்கெட் தூளில் நிறத்துக்காக எது சேர்ந்திருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. காரீயக் குரோமேட் வரை கலப்படம் பிடிபட்டிருக்கிறது. விரலி மஞ்சள் வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். (விரலிக்கு விரலி மஞ்சள் என்று சிரித்துக்கொள்ளலாம்.) மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தண்ணீரில் கலக்கித் தெளித்தால் குட்டை மஞ்சளாகும், மீனுக்கு ஒன்றும் சேராது. கடலை எண்ணெயில் குழைத்துத்தான் பூச வேண்டும். இரண்டு சிட்டிகை மிளகுத்தூள் சேர்த்தால் உடம்பில் ஏறுவது கூடும்.

கீழாநெல்லி: நிழலில் உலர்த்திய முழுச்செடிப் பொடி, கிலோவுக்கு 5 கிராம். ஈரலுக்கென்று கொடுப்பது. வட ஆற்காட்டில் இதன் தேவை மற்ற இடங்களைவிட அதிகம் என்றே சொல்வேன், காரணம் கடலைப் புண்ணாக்கு. மழை நனைந்த கடலையிலிருந்து வந்த புண்ணாக்கில் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஏறி அஃப்லடாக்சின் என்ற நஞ்சு சேரும். அது நேராக மீனின் ஈரலைத் தாக்கும். மீன் சாகாது, ஆனால் வளராது, சின்னக் குளிருக்கும் தாங்காது. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. பூசணம் பிடித்த புண்ணாக்கைப் போட்டுக்கொண்டே கீழாநெல்லி கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. புண்ணாக்கை உடைத்தால் உள்ளே பச்சையோ கறுப்போ தெரிந்தால், மக்கல் வாடை வந்தால், அந்த மூட்டை எருக்குழிக்கு. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

கீழாநெல்லி புரட்டாசித் தூறலுக்கே வரப்பெல்லாம் முளைத்துக் கிடக்கும். பூச்சிமருந்து அடித்த வயல் வரப்பில் பறிக்காதீர்கள். நாலைந்து கிலோ பச்சைச் செடி காய்ந்தால் ஒரு கிலோ பொடி தேறும். கையில் நொறுக்கினால் சரசரவென்று உடைய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, டப்பாவில் பூசணம் பிடிக்கும். மைதா சல்லடையில் சலியுங்கள். கொரகொரப்பாக இருந்தால் மீன் தீவனத்தை வாயில் வாங்கி, நாரை மட்டும் துப்பிவிடும்.

கொய்யா இலைப் பொடியும் கிலோவுக்கு 5 கிராம் போகலாம். குடல் பாக்டீரியாவுக்கு நல்லது. கூட்டினால் அதிலுள்ள துவர்ப்பு புரதச் செரிமானத்தைக் கெடுக்கும். நிலவேம்பு 2 கிராமுக்கு மேல் போனால் கசப்பில் தீனியை ஒதுக்கும். முருங்கை இலை மருந்து என்பதைவிட உணவு. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்து "பஞ்ச மூலிகை" செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். மீன் தின்னாமல் போனால் எதனால் என்று தெரியாது. நன்றாக இருந்தாலும் எதனால் என்று தெரியாது. ஒரு சுற்றுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று.

சுற்று என்பது இப்படி. புரட்டாசி பிறந்ததும் பூண்டும் மஞ்சளும் 15 நாள். பிறகு 10 நாள் வெறும் தீவனம். ஐப்பசியில் பூண்டு, மஞ்சள், கீழாநெல்லி மூன்றும் 15 நாள். மறுபடி 10 நாள் இடைவெளி. கார்த்திகையில் மீன் நன்றாகத் தின்றுகொண்டிருந்தால் முதல் சுற்றையே திரும்பவும். மாதக்கணக்கில் நிறுத்தாமல் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி ஏறுவது நின்றுவிடும், சில சமயம் இறங்கவும் செய்யும். தூண்டிக்கொண்டே இருந்தால் உடம்பு சலித்துப்போகும்.

கலக்கும் விதத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்கு 3 கிலோ, மாலை நாலு மணிக்கு 3 கிலோ என்று போடுகிறீர்கள் என்றால், இரண்டு வேளைக்கும் தனித்தனியாகக் கலக்க வேண்டும். காலையில் மட்டும் கலந்து மாலையில் வெறுமனே போட்டால் மீனுக்குப் போவது பாதி அளவு.

மிதவைத் தீவனம் (தண்ணீரில் மிதக்கும் மணித் தீவனம்) போடுகிறவர்கள்: 30 கிராம் பூண்டை நசுக்கி, 15 நிமிடம் வைத்து, 120 மில்லி தண்ணீர் விட்டுப் பிசைந்து துணியில் பிழியுங்கள். தார்ப்பாயில் தீவனத்தை மெல்லியதாகப் பரப்பி, கைத்தெளிப்பானில் அந்தச் சாற்றைத் தெளித்துப் புரட்டுங்கள். தண்ணீர் இதற்கு மேல் போனால் தீவனம் ஊறி அமுங்கும். நிழலில் பத்து நிமிடம் விட்டு, 15 கிராம் மஞ்சளை 45 மில்லி கடலை எண்ணெயில் குழைத்து மேலே பூசுங்கள். சாறு முதலில், எண்ணெய் பிறகு; இந்த வரிசை மாறக் கூடாது. எண்ணெய்ப் பூச்சுதான் பூண்டுச் சாறு தண்ணீரில் கரைந்து போகாமல் மூடி வைக்கிறது. கீழாநெல்லிப் பொடி சேர்க்கும் சுற்றில் அதையும் எண்ணெயிலேயே குழைக்கலாம். இன்னொரு இருபது நிமிடம் நிழலில் விட்டு எடுத்துப் போடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம். எண்ணெய் கிலோவுக்கு 20 மில்லியைத் தாண்டினால் தண்ணீர் மேல் படலம் கட்டும். காற்று தண்ணீரில் கலப்பதை அது தடுக்கும்.

சரியாகப் பூசியிருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து பூசிய தீவன மணிகள் இருபதைப் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் முழுக்க மஞ்சளானால் பூச்சு நிற்கவில்லை. லேசாகப் படிந்தால் பரவாயில்லை.

தவிடும் புண்ணாக்கும் போடுகிறவர்களுக்கு இது சரிவராது. ஓட்டை போட்ட சாக்கில் கட்டித் தொங்கவிடும் முறையில் மூலிகை பாதிக்கு மேல் கரைந்து ஓடிவிடும். மூலிகை நாட்களில் மட்டும் உருண்டைக்கு மாறுங்கள். ஒன்றரைக் கிலோ கடலைப் புண்ணாக்கை இரவே ஊறவைத்து, காலையில் ஒன்றரைக் கிலோ தவிட்டோடு, 300 மில்லி கெட்டியான அரிசிக் கஞ்சி விட்டுப் பிசையுங்கள். கஞ்சி கைபொறுக்கும் சூடுகூட இல்லாமல் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பூண்டு விழுது, எண்ணெயில் குழைத்த மஞ்சள், பொடி எல்லாம் இந்த நேரத்தில். எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடித்துத் தட்டுகளில் வைத்து இறக்குங்கள். கட்லா மேல்மட்ட மீன், ரோகு நடுமட்டம், மிர்கால் அடிமட்டம். எல்லாத் தட்டும் அடியில் கிடந்தால் மிர்கால் மட்டும் மருந்து தின்னும். இரண்டு தட்டு மேலிருந்து ஒன்றரை அடியில், ஒன்று நடுவில், ஒன்று தரைக்குச் சற்று மேலே. இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்து, மீதி இருந்தால் மறுநாள் அளவைக் குறையுங்கள். தின்னாத தீவனம் அழுகினால் அமோனியா. போர்வெல் தண்ணீர் காரமாக இருக்கும் நம் பக்கத்தில் அதே அமோனியா இன்னும் நஞ்சாகும்.

மேகம் மூடிய நாட்களில், மீன் விடியலில் மேலே வந்து வாய் பிளக்கும் நாட்களில், மூலிகையும் வேண்டாம் தீவனமும் வேண்டாம். ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் தின்ற மீன் செரிக்க முடியாமல் திணறும். மோட்டாரைப் போட்டு தண்ணீரை மேலிருந்து விழவிடுங்கள்.

வேப்பிலை கேட்டிருந்தீர்கள். தீவனத்தில் வேண்டாம், குட்டையில் மூட்டையாகக் கட்டிப் போடவும் வேண்டாம். வேம்பின் அசாடிராக்டின் அளவு கூடினால் மீனுக்கும் நஞ்சுதான். வேப்பெண்ணெய் இன்னும் மோசம். அதோடு தழை அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். மூலிகை என்றாலே தீங்கில்லை என்ற நினைப்பு மீன் விஷயத்தில் ஆபத்தானது. ஓடையில் மருக்காரைக் காயை நசுக்கிப் போட்டு மீன் பிடிப்பது ஊர்ப்புறத்தில் தெரிந்த பழைய வழி. இலுப்பைப் புண்ணாக்கை ஹெக்டேர்-மீட்டருக்கு (ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு) 2,500 கிலோ போட்டால் குட்டையில் உள்ள மீன் அத்தனையும் சாகும். குஞ்சு விடுவதற்கு முன் களை மீன்களை ஒழிக்க அதைத்தான் பயன்படுத்துகிறோம். இவற்றில் உள்ள சபோனின் செவுள் வழியே இறங்கி இரத்த அணுக்களை உடைக்கிறது. சீயக்காயிலும் அதே சரக்கு உண்டு. நுரை வருகிற எந்தக் காயும், பட்டையும், புண்ணாக்கும் மீனிருக்கும் தண்ணீருக்குப் பக்கத்தில் வரக் கூடாது. பப்பாளி விதையும் வேண்டாம். அது இனப்பெருக்கத்தைக் கெடுக்கும் சரக்கு.

கஷாயம் காய்ச்சிக் குட்டையில் ஊற்றுவது இன்னொரு பழக்கம். தண்ணீர் தேநீர் நிறமாகும், வெளிச்சம் இறங்காது, பச்சைப் பாசி சாகும், மறுநாள் காலையில் மீன் மேலே வரும்.

மூலிகையால் தீராத சிலவும் உண்டு. மீன் பேன் (உடம்பில் ஒட்டியிருக்கும் பச்சை நிறத் தட்டைப் பூச்சி) தீவனத்துக்குக் கட்டுப்படாது. அது கல், கட்டை போன்ற கெட்டியான பரப்பில்தான் முட்டையிடும். மூங்கில் துண்டு, பலகை, ஓடு என்று பத்துப் பதினைந்தைக் குட்டையில் நட்டு வைத்து, வாரத்துக்கு ஒருமுறை எடுத்து ஒருநாள் முழுக்க வெயிலில் காயவைத்துத் திரும்ப நடுங்கள். முட்டை பொரிக்கும் முன்பே காய்ந்துவிடும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த நிலத்தடி நீரில் மீன் வளர்க்கிறவர்கள் முதலில் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். குரோமியத்துக்குக் கீழாநெல்லி மாற்று ஆகாது.

பலன் தெரிகிறதா என்று பார்க்க மாதம் ஒரு மீனை அறுத்துப் பாருங்கள். ஈரல் செம்பழுப்பாக இருந்தால் நல்லது. வெளிறி மஞ்சளாக, தொட்டால் குழைந்தால் தீவனத்தில் கோளாறு. பித்தப்பை பெருத்து கரும்பச்சையாக இருந்தால் அந்த மீன் சில நாளாகத் தின்னவே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சிவப்புத் திட்டு தெரிந்தால், மூலிகையை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். பி.எச். (கார அமில அளவு) 7.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் 50 சென்டுக்கு 20 கிலோ விவசாயச் சுண்ணாம்புத் தூளைக் கரைத்துப் பரவலாகத் தெளிக்கலாம். 8.5-க்கு மேலே இருந்தால் சுண்ணாம்பு கூடாது; போர்வெல் தண்ணீர்க் குட்டைகளில் இதைப் பார்க்காமலே கொட்டிக் கெடுத்துக்கொள்கிறார்கள். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் புண் நோய்க்கென்றே உருவாக்கிய சிஃபாக்ஸ் என்ற மருந்து கிடைத்தால் ஹெக்டேர்-மீட்டருக்கு 1 லிட்டர். ஐந்தடி ஆழமுள்ள உங்கள் 50 சென்டுக்கு 300 மில்லி, நிறையத் தண்ணீரில் கலந்து. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகை ஆன்டிபயாடிக்குகளை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், மீன் வளர்ப்பில் அவை தடை செய்யப்பட்டவை.

சோதனைக்கு அனுப்புவதென்றால் செத்து மிதக்கும் மீன் பயன்படாது. சில மணி நேரத்தில் அது அழுகத் தொடங்கி, எந்தக் கிருமி கொன்றது, எது பிறகு வந்தது என்று பிரிக்க முடியாமல் போகும். புண்ணோடு தள்ளாடும் உயிர் மீன் மூன்று நான்கைப் பிடித்து, பாலித்தீன் பையில் போட்டு, பையைச் சுற்றி ஐஸ் வைத்து (மீன்மேல் நேராக ஐஸ் படக் கூடாது) அன்றைக்கே கொண்டு போங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் குட்டைத் தண்ணீரும் தனியாக. மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மீன் நோய் ஆய்வகம் இருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாவிட்டால் வேலூர் மீன்வளத் துறை அலுவலகத்திலோ விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ முதலில் காட்டுங்கள். என்றைக்கு மழை பெய்தது, என்றைக்குத் தீனி குறைந்தது, எந்த மீன் முதலில் விழுந்தது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.